புதுப்பிப்பு: தங்கச்சிமடம் (ராமேஸ்வரம் தீவு) பிள்ளையின் முதல் பட்டதாரி சான்றிதழ்

போன மாசம் புலம்பியிருந்தேனே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் (வீட்டில் முதலாவதாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை தருவது) இழுத்தடிக்கிறது என்று. நேற்று வந்துவிட்டது!

அப்பா பெயர் ரேஷன் கார்டில் 'அந்தோணி', பிள்ளையின் டி.சி.யில் 'அந்தோனி'. மூணு சுழிக்கும் ரெண்டு சுழிக்கும் நடுவே பத்து நாள் அலைச்சல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற அப்பா கரையில் இருந்தார். கையெழுத்துக்கு ஆள் இருந்தது, ஜெராக்ஸுக்குத்தான் காசில்லை.

சான்றிதழ் யாருக்கு, வேறென்ன சலுகை என்று கேட்டவர்களுக்கு: இச்சான்றிதழ் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். இவள் அண்ணன் பிளஸ் டூவோடு கடலுக்குப் போய்விட்டான், பாவம்; அதனால் சான்றிதழ் இவளுக்கு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் தகுதி. அதில் சீட் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு அரசுடையது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி.

அவள் அம்மாவுக்கோ, பாம்பன் பாலம் தாண்டித் தனியே எப்படி விடுவது என்ற கவலைதான் இப்போது.