கண்ணால் பார்த்த சாட்சி: வகுப்பில் எப்படிப் புரியவைப்பது?

கேள்வி:
குற்றவியல் முதுகலை வகுப்புக்குத் தடயவியல் உளவியல் எடுக்கிறேன். "கண்ணால் பார்த்தவர் சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள், உண்மை கண்டறியும் சோதனையை (பாலிகிராஃப்) வேறு அப்படியே நம்புகிறார்கள். எங்கே தொடங்கலாம்?

பதில் 1:
பாடம் நடத்தாதீர்கள் மேடம், செய்து காட்டுங்கள். 1974-ல் அமெரிக்க உளவியலாளர்கள் லாஃப்டஸும் பாமரும் 45 மாணவர்களுக்கு கார் விபத்துக் காட்சிகளைக் காட்டி வேகம் கேட்டார்கள். "நொறுங்க மோதியபோது" என்று கேட்டவர்களின் சராசரி மணிக்கு 40 மைலுக்கு மேல், "தொட்டபோது" என்று கேட்டவர்களுக்குச் சுமார் 32. மாறியது ஒரே வினைச்சொல்! நான் வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரே வீடியோவைக் காட்டி, கேள்வித்தாளில் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் கொடுப்பேன். முடிவைப் பலகையில் எழுதியதும் வகுப்பே அமைதியாகிவிடும், அப்புறம் காவல் நிலையத்தில் ஆய்வாளர் கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றி அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

பதில் 2:
நான் வழக்கறிஞர். ரொனால்ட் காட்டன் வழக்கையும் சேருங்கள். அமெரிக்காவில் பாதிக்கப்பட்ட பெண்ணே காட்டன்தான் குற்றவாளி என்று உறுதியாக அடையாளம் காட்டினார், காட்டனுக்குப் பத்து வருடத்துக்கு மேல் சிறை, 1995-ல் டி.என்.ஏ. சோதனைதான் அவரை வெளியே கொண்டுவந்தது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, நினைவுதான் அவரை ஏமாற்றியது, இதைக் கட்டாயம் அழுத்திச் சொல்லுங்கள். உண்மை கண்டறியும் சோதனைக்கு 2010 செல்வி எதிர் கர்நாடகம் தீர்ப்பு இருக்கிறது: சம்மதமில்லாமல் அதைச் செய்யக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

கேட்டவர்:
நன்றி சார். சரி, திங்கட்கிழமை வீடியோவோடு போகிறேன்.