ஆட்டோவில் போட்டால் அலைகிறது: அனல்மின் நிலைய அனுபவங்கள்

கருவியியல் பிரிவு, ஓய்வு பெற்றவர்:

210 மெகாவாட் அலகு ஒன்றில் எங்களைப் படுத்தி எடுத்தது பிரதான நீராவியின் வெப்பநிலை. 540 டிகிரியில் நிற்க வேண்டியது, நீரைத் தெளித்து நீராவியைக் குளிர்விக்கும் ஸ்பிரே கண்ட்ரோலை ஆட்டோவில் (தானியங்கு முறையில்) போட்டதும் மேலும் கீழுமாக அலையத் தொடங்கிவிடும். டெஸ்க் ஆபரேட்டர் உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எகிறினால் குழாய்களுக்குக் கேடு, சடாரென்று சரிந்தால் டர்பைனுக்கு ஆகாது.

ட்யூனிங் செய்ய, அதாவது கண்ட்ரோலரின் அமைப்பு எண்களைச் சரிப்படுத்த, வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிழைக்கு எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுவது என்ற கெயினைக் குறைத்தார்கள், மிஞ்சும் பிழையை எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்பதைத் தீர்மானிக்கும் இன்டெக்ரல் நேரத்தைக் கூட்டினார்கள். அலைவு மெதுவானதே தவிர நிற்கவில்லை. டிரெண்டை (நேரத்துக்கேற்ப அளவுகளைக் காட்டும் வரைபடத்தை) பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. கண்ட்ரோலரின் வெளியீடு சீராக ஏறி இறங்குகிறது. ஸ்பிரே நீரின் ஓட்டமோ நின்று நின்று குதிக்கிறது. மேனுவலில் வைத்து சிக்னலை ஒவ்வொரு சதவீதமாக உயர்த்தினோம். ஒன்று, இரண்டு, மூன்று... வால்வின் தண்டு அசையவே இல்லை. நான்காவதில் ஒரேயடியாகத் துள்ளியது. கசிவை நிறுத்துகிறேன் என்று யாரோ தண்டைச் சுற்றியுள்ள கிளேண்ட் பேக்கிங்கை (கசிவு அடைப்பானை) இறுக்கித் தள்ளியிருக்கிறார்கள்! பேக்கிங்கை மாற்றி, சிக்னலுக்கேற்ற இடத்தில் வால்வை நிறுத்தும் பொசிஷனரைச் சரிசெய்த பிறகு பழைய கெயினே போதுமானதாக இருந்தது. ட்யூனிங்குக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

கொதிகலன் ஆபரேஷன்:

எங்களுக்கு இதே வினை ஆக்சிஜன் வடிவில் வந்தது ஐயா. புகைவாயுவின் சூட்டால் நீரைச் சூடாக்கும் எகனாமைசருக்குப் பின்னால் இருந்த, ஆக்சிஜனை அளக்கும் புரோப் 3.5 சதவீதம் காட்டும். கண்ட்ரோல் அதை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஆனால் சாம்பலில் எரியாத கரி ஏறிக்கொண்டே போனது. புரோபுக்கு முன்னால் டக்டின் (புகைவாயு போகும் பாதையின்) எக்ஸ்பேன்ஷன் ஜாயின்ட், அதாவது சூட்டில் விரிவதற்கு இடம் தரும் நெகிழ் இணைப்பு, கிழிந்திருந்தது. உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு என்பதால் வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு, அதையும் சேர்த்தே புரோப் கணக்கிட்டது. காற்று மிஞ்சியிருக்கிறது என்று நம்பிய கண்ட்ரோல், பர்னருக்குப் போக வேண்டிய காற்றை வெட்டிவிட்டது. டக்டின் குறுக்கே பல இடங்களில் கையடக்கக் கருவியால் அளந்தபோது ஒரு பக்கம் மட்டும் எண் தூக்கலாக நின்றது. அங்கேதான் கிழிசல்.

இப்போதும் பணியில் இருப்பவன்:

வால்வும் புரோபும் ஒழுங்காக இருந்தாலும் இப்போதைய தொல்லை வேறு. பகலில் சூரிய மின்சாரம் வந்ததும் எங்கள் லோடை (மின் உற்பத்தியை) இறக்கச் சொல்கிறார்கள், மாலையில் ஏற்றச் சொல்கிறார்கள். நிலக்கரி அலகுகள் முழுத் திறனில் 40 சதவீதம் வரை இறங்கி ஓட வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிமுறை. முழு லோடில் ட்யூன் செய்த கெயின் பாதி லோடில் பொருந்துவதில்லை. லோடை ஏற்றும்போது அழுத்தம் இறங்கி, நீருக்குள் குமிழிகள் உப்பி, டிரம்மின் (நீரும் நீராவியும் பிரியும் கலனின்) நீர்மட்டம் உயர்ந்ததாகக் காட்டும். அதை நம்பி நீரைக் குறைத்தால் சற்று நேரத்தில் மட்டம் பாதாளத்துக்குப் போகும். மட்டத்தோடு நீராவி ஓட்டத்தையும் நீர் ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் மும்முனைக் கட்டுப்பாடு இதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் குறைந்த லோடில் ஓட்டமானிகளை அவ்வளவாக நம்ப முடிவதில்லை. 40 சதவீதத்திலும் டிரம் மட்டத்தை ஆட்டோவிலேயே ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், எந்த லோடில் ஒருமுனைக்கு (மட்டத்தை மட்டும் பார்க்கும் கட்டுப்பாட்டுக்கு) மாறுகிறீர்கள் என்று எழுதுங்கள்.