வடமோடி நாடகத்தின் மடிப்பிதழில் அண்ணாவியாரின் பெயர் எங்கே வர வேண்டும்?

மூன்றாம் வருட மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பீடத் தமிழ்ச் சங்கத்துக்காக, கூத்து வகைகளில் ஒன்றான வடமோடி ஆட்டத்தை வைத்து ஒன்றேகால் மணித்தியால நாடகம் ஒன்றைத் தயாரிக்கிறோம். பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள், அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போகிற கதை. மேடையில் 11 பேர், பின்னால் 9 பேர். எழுத்து என்னுடையது. நானும் என் வகுப்புத் தோழியும் சேர்ந்து நெறியாள்கை செய்கிறோம்.

ஆட்டத்தையும் பாட்டையும் பழக்குபவர் 68 வயதான அண்ணாவியார் ஒருவர். பத்து வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பஸ் மாறி வருகிறார். மடிப்பிதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. அவர் மாணவர் இல்லை, ஆகவே ‘நன்றி’ பகுதியில் போட்டால் போதும் என்கிறார்கள் சிலர். மேடை முகாமை செய்யும் மாணவியின் பெயர் ‘உதவி’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அவர் முகம் வாடிவிட்டது. ஒளியமைப்புக்குப் பொறுப்பானவரோ கடைசி வாரம் வந்தால் போதும் என்று ஒத்திகைப் பக்கமே வருவதில்லை. படைப்புக் குழு என்றால் உண்மையில் யார் யார்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பீடத்து மூத்தவன்

தம்பி, இது போட்டிக்குப் போகும் நாடகமா? அப்படியானால் முதலில் விதிமுறையை எடுத்துப் பாருங்கள். மேடையில் நிற்பவர்கள் எல்லோரும் பதிவு செய்த மாணவர்களாக இருக்க வேண்டும் என்று சில போட்டிகளில் கேட்பார்கள். மத்தளம் அடிப்பவர் வெளியாள் என்று ஒரு குழுவுக்குப் புள்ளி குறைத்ததை நேரில் கண்டவன் நான். மாணவர் நாடகத்தில் மாணவர் பெயர்தான் முன்னால் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

வாவிக்கரை ஆசிரியை

தம்பி, அவரை நன்றிப் பகுதியில் போடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

2004இல் நானும் உங்களைப் போல ஒரு மாணவர் நாடகத்தில் இருந்தேன். மேடை முகாமையாளர் வேலை என்னுடையது. இப்போது பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். எங்கள் அண்ணாவியாரின் பெயர் மடிப்பிதழின் கடைசிப் பக்கத்தில், ஒலிபெருக்கி வாடகைக்குத் தந்தவருக்கும் தேநீர்ச் செலவை ஏற்றவருக்கும் நடுவில் அச்சாகியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டு போனதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண்டுபிடித்ததும் ஒன்றும் சொல்லவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மத்தளத்தின் வாரை இழுத்துப் பார்க்கப் போய்விட்டார். அச்சுப்படியைத் திருத்தியவர்களில் நானும் ஒருத்தி. பல முறை வாசித்தும் என் கண்ணில் அது பிழையாகப் படவில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

அவர் ஆட்டம் மட்டும் பழக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நாங்கள் முதன்முறையாக விளக்குகளைப் போட்டு ஒத்திகை பார்த்தோம். மண்டபத்தின் முன்பக்கக் கூரையில் நான்கு ஸ்பாட்லைட். நான்கும் நடிகர்களின் முகத்துக்கு. அரசன் வரவு, அதாவது பாத்திரம் முதலில் மேடைக்கு வரும் ஆட்டம், ஆடிக்கொண்டு வந்தான். அண்ணாவியார் தாளத்தை நிறுத்திவிட்டு, “பிள்ளைகள், வீசாணமும் பொடியடியும் காலில் நடக்கின்றன. நீங்கள் காலை இருட்டில் விட்டுவிட்டீர்கள்” என்றார். ஊரில் கூத்து ஆடும் வட்டமான மேடையை, வட்டக்களரியை, சுற்றிவர வாழைக்குற்றி நட்டு, அதன் மேல் விளக்கு ஏற்றுவார்கள். வெளிச்சம் நாலு பக்கத்திலிருந்தும் வரும், ஆடுபவனின் உயரத்திலிருந்தே வரும். அவர் அதைச் சொன்ன பிறகுதான், ஒளியமைப்புச் செய்த மாணவர் இரண்டு விளக்குகளைக் கழற்றிப் பக்கத் திரைகளுக்குள் முழங்கால் உயரத்தில் கட்டினார். நாடகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த ஒளியைத்தான் புகழ்ந்தார்கள். மடிப்பிதழில் ஒளியமைப்புக்கு ஒரு பெயர். அதைச் சொல்லித் தந்தவருக்கு நன்றி.

உடையிலும் அதே கதை. அரசர்களுக்குக் கரப்புடுப்பு. பாவாடை போல விரிந்து நிற்கும் அந்த உடுப்போடு இரண்டு அரசர்கள் அருகருகே நிற்கவே முடியாது. நாங்கள் சாதாரண உடையில் பழகிக்கொண்டு, நான்கு பேர் ஒரே வரிசையில் நிற்பதாகக் காட்சி அமைத்துவிட்டோம். பக்கத் திரைகளுக்கு நடுவே விட்டிருந்த வழியாலும் அந்த உடுப்பு நுழையவில்லை. அண்ணாவியார் ஓர் ஈர்க்கிலை எடுத்து நிலத்தில் அளந்து, எந்த அரசன் எந்தப் பக்கத்தால் வர வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அன்றைக்கே மாற்றித் தந்தார். நகர்வுகளைத் தீர்மானிப்பதை நாம் நெறியாள்கை என்றுதானே சொல்கிறோம்?

மாணவர் நாடகம், ஆகவே மாணவர் பெயர் என்று மூத்தவர் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த வகை நாடகம் பல்கலைக்கழகத்துக்குள் வந்த வழியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் மாணவர்களை வைத்துக் ‘கர்ணன் போர்’ தயாரித்தபோது, ஆட்டம் பழக்க வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, சுற்றிவர இருந்து பார்த்ததை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பேராசிரியருக்கு மேடை தெரியும், அண்ணாவியாருக்குக் களரி தெரியும், ஆடியவர்கள் மாணவர்கள். அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுருதான் பிறகு ‘இராவணேசன்’ எழுதினார். இந்த மூன்றில் எதை எடுத்துவிட்டாலும் அந்த நாடகங்கள் இல்லை. அதற்கு ஆறு வருடம் முன்னால், 1956இல், அதே பேராதனையில் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மாணவர்களோடு ‘மனமே’ செய்தபோதும், ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்தின் ஆட்டத்துக்கும் இசைக்கும் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற கிராமத்து ஆசானிடம்தான் போனார். உடைக்கும் ஒப்பனைக்கும் சிறி குணசிங்க. இன்றைக்கும் ‘மனமே’ பற்றிப் பேசுபவர்கள் அந்தக் குருன்னான்சேயின் பெயரை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

அடுத்தது உங்கள் மேடை முகாமையாளர். அவரை ‘உதவி’யிலிருந்து இன்றைக்கே தூக்குங்கள். கூத்தில் ஏட்டண்ணாவியார் என்று ஒருவர் இருக்கிறார் அல்லவா? கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த பாட்டு எது, யார் வரவு என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் தடுமாறினால் களரியே தடுமாறும். மேடை முகாமையாளர் செய்வதும் அதுதான். நான் ஒரு தடித்த கொப்பியில் வலப்பக்கம் வசனத்தை ஒட்டி, இடப்பக்கம் முழுவதையும் வெறுமையாக விட்டேன். யார் எங்கிருந்து வருகிறார், எந்தச் சொல்லில் எந்த விளக்கு மாறுகிறது, எந்த இடத்தில் வாளைக் கையில் கொடுக்க வேண்டும் எல்லாம் அந்த இடப்பக்கத்தில். பென்சிலால் மட்டும் எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு ஒத்திகையிலும் மாறும். நெறியாளர் இருவர் என்கிறீர்கள். இருவருக்கும் நினைவு வேறுபடும் நாளில் அந்தக் கொப்பி சொல்வதுதான் முடிவு என்று இப்போதே பேசி வையுங்கள்.

ஒளியமைப்பாளரை முழு ஓட்டம் மூன்றையாவது இருந்து பார்க்க வையுங்கள். ஆட்டத்தைப் பார்க்காமல் போடும் விளக்கு முகத்துக்கு மட்டும்தான் போகும்.

நல்லூர்வாசி

ஆசிரியை சொன்னதோடு உடன்படுகிறேன். எழுத்தும் நெறியாள்கையும் உங்களிடமே இருப்பதுதான் எனக்குக் கொஞ்சம் கவலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 1985இல் ஆடிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்துக்கு எழுத்து குழந்தை ம. சண்முகலிங்கம், நெறியாள்கை க. சிதம்பரநாதன். இரண்டு பெயரும் இன்றுவரை சேர்ந்தே சொல்லப்படுகின்றன. எழுதியவர் ஒருவர், மேடையில் நிறுத்துபவர் இன்னொருவர் என்றால், இந்த வரி வேண்டாம் என்று சொல்ல ஒருவர் இருப்பார். உங்கள் தோழிக்கு அந்த உரிமையைக் கொடுங்கள். ஒத்திகை நேரத்தில் நீங்கள் எழுத்தாளர் என்பதை மறந்துவிடுங்கள்.

மூன்றாம் வருட மாணவன்

மிகவும் நன்றி. மூத்தவர் அண்ணா, இது போட்டிக்கு இல்லை, விழாவுக்குத்தான். ஆகவே அந்தத் தடை எங்களுக்கு இல்லை.

அக்கா, நீங்கள் எழுதியதை நேற்றுக் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மேடை முகாமை தனி வரியாக, நெறியாள்கைக்கு அடுத்ததாக வருகிறது. ஒளியமைப்பாளர் இந்தச் சனிக்கிழமை வர ஒப்புக்கொண்டார். தோழி ஏற்கனவே இரண்டு பாட்டை வெட்டிவிட்டாள். இரண்டும் நான் ஆசையாக எழுதியவை, ஆனால் அவற்றை எடுத்த பிறகு வியூகக் காட்சி வேகமாகப் போகிறது.

அண்ணாவியாருக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. ‘ஆட்டப் பயிற்சி’யா, ‘கூட்டு நெறியாள்கை’யா?

வாவிக்கரை ஆசிரியை

‘அண்ணாவியார்’ என்றே போடுங்கள் தம்பி. அந்தச் சொல்லுக்குள் பழக்குதல், பாட்டு, மத்தளம், நெறிப்படுத்தல் எல்லாம் இருக்கின்றன. நம்முடைய வாசகர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. முதல் பக்கத்தில், உங்கள் இருவரின் பெயருக்கும் மேலே. பெயரோடு ஊரையும் போடுங்கள். ஊர் இல்லாமல் அண்ணாவியாருக்குப் பெயர் முழுமையாகாது. வேறு எதையும் நீங்களாகத் தீர்மானிக்காமல் அவரிடமே கேளுங்கள். பஸ் காசை மாத முடிவுக்கு வைக்காமல் அன்றன்றைக்கே கையில் கொடுங்கள்.

மூன்றாம் வருட மாணவன்

கேட்டேன் அக்கா. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தனக்குப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரை முதலில் போட்டுவிட்டு அதற்குக் கீழே தன் பெயரைப் போடச் சொன்னார். அவர் காலமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். சல்லாரித் தாளம் போடத் தன்னோடு கூட வருகிறவரின் பெயரையும் மறக்க வேண்டாம் என்றார். பத்து வாரமாக அவரும் அதே இரண்டு பஸ்ஸில்தான் வருகிறார். அவருடைய முழுப் பெயரை எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. இப்போது எழுதி வாங்கிவிட்டேன். மூன்று பெயரும் முதல் பக்கத்தில் வருகின்றன. அச்சுப்படியைச் சனிக்கிழமை அண்ணாவியாரிடம் காட்டிய பிறகுதான் அச்சகத்துக்கு அனுப்புவோம்.