கிராமியில் ஆப்பிரிக்கா: கொஞ்சம் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் ஆப்பிரிக்க இசை பற்றிப் பேசப் போகிறேன். அதில் கிராமி விருது பற்றிய பகுதிக்கு உங்கள் உதவி வேண்டும்.

2024இல் ஆப்பிரிக்க இசைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்கப் பாடகி டைலா ஜெயித்தார். மீதி நான்கு பரிந்துரைகளிலும் முதன்மைப் பாடகர்கள் நைஜீரியர்கள். 2025இல் நைஜீரியப் பாடகி டெம்ஸுக்குக் கிடைத்தது. அந்த வருடம் பரிந்துரையில் இருந்த ஆப்பிரிக்கப் பாடகர்கள் அத்தனை பேருமே நைஜீரியர்கள், கூடவே அமெரிக்கரான கிறிஸ் பிரவுன்! நைஜீரியர்களின் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அவர்களில் ஒருவரான பர்னா பாயை விரும்பிக் கேட்பவன் நான். ஆனால் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டம் அது. எத்தியோப்பியா, தான்சானியா, காங்கோ எல்லாம் எங்கே? மாலியின் அலி ஃபார்கா டூரே, பெனினின் ஆஞ்செலிக் கிட்ஜோ போன்றவர்கள் தனிப் பிரிவு வருவதற்கு முன்பே கிராமி வாங்கியவர்கள்.

வாக்களிப்பவர்கள், கிராமியை வழங்கும் அமெரிக்க அமைப்பான ரெக்கார்டிங் அகாடமியின் உறுப்பினர்கள் என்பது தெரியும். ஒரு சின்ன இசை நிறுவனம் தன் பாடலைப் போட்டிக்கு அனுப்ப என்னென்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும்? இசைத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், நைரோபி, அடிஸ் அபாபா பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே கடைகளிலும் பேருந்துகளிலும் உண்மையில் யார் பாட்டு ஓடுகிறது என்று எழுதுங்கள். சுட்டியும் கொடுத்தால் கூட்டத்தில் போட்டுக் காட்டுவேன்.