கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் கடற்கரை வரை: பூம்புகாரா, கோடியக்கரையா?

குடந்தைப் பயணி:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஐவர், வருகிற தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குச் சென்றுவரத் திட்டமிட்டிருக்கிறோம். வண்டிகள் மூன்று: ஒன்று 350 சிசி புல்லட், மற்ற இரண்டும் 100 சிசி. விடியற்காலை 4 மணிக்குக் கும்பகோணத்திலிருந்து கிளம்பி, பூம்புகாரில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் எனக் கரையோரமாகவே கோடியக்கரை வரை சென்று, திருத்துறைப்பூண்டி, திருவாரூர் வழியாக இரவு வீடு திரும்பலாம் என்பது என் எண்ணம். நண்பர்களில் இருவர் இது நடக்காத காரியம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?

கடைமடைக்காரன்:
தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வதுதான் சரி. நீங்கள் சொல்லும் சுற்று ஏறத்தாழ 290 கிலோமீட்டர். புறவழிச்சாலையில் அது பெரிய தூரம் அல்ல. ஆனால் நம் பகுதியில் நான்கு கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு வளைவு, வளைவுக்கு ஒரு வாய்க்கால் மதகு என்றிருப்பதால், 100 சிசி வண்டியில் இருவர் அமர்ந்து சென்றால் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் சராசரி கிடைக்காது. எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கையிலேயே போய்விட்டால், கடலை எப்போது பார்ப்பீர்கள்?

அதைவிட முக்கியமானது, நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் காலம். தை என்றால் சம்பா அறுவடை. சாலையின் பாதியில் நெல் காயும்; அதன் மேல் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கருங்கல்லை வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் நெல்லைக் கூட்டி அள்ளிச் சென்றுவிடுவார்கள், கற்களில் சில அங்கேயே கிடக்கும். இருட்டில் எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் கண் கூசும்போது அந்தக் கல் தெரியாது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு முன்னால் பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வைக்கோல் ஏற்றிய வண்டியோ சாலையையே அடைத்துக்கொண்டு போகும். இந்தச் சாலைகளில் முப்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டும் நானே அறுவடை மாதங்களில் மாலை 6 மணிக்கு மேல் வெளியே செல்வதைத் தவிர்க்கிறேன். (நெல் காயப் போடுபவர்களைத் திட்டாதீர்கள். போதிய களம் இருந்தால் அவர்கள் ஏன் சாலைக்கு வரப்போகிறார்கள்?)

ஆகவே வடக்கா, தெற்கா என்று ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். வடக்கு என்றால் பூம்புகார், தரங்கம்பாடி. ஆக்கூர், மயிலாடுதுறை வழியாகத் திரும்பினால் மொத்தம் 150 கிலோமீட்டருக்குள் முடியும். தெற்கு என்றால் திருவாரூர் வழியாக நேராகக் கோடியக்கரை. இந்த மாதத்தில் பூநாரைகளும் வெளிமான்களும் காணக் கிடைக்கும். ஆனால் அது காட்டுயிர்ச் சரணாலயம். நிதானமாகப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும்.

அலைவாய்க்கரை:
கடைமடைக்காரன் ஐயா சொன்னதை ஏற்று, வடக்குப் பாதைக்கே என் வாக்கு. ஆனால் தரங்கம்பாடியில் கோட்டை முன் நின்று படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடுவதாக இருந்தால் அங்கே போகவே வேண்டாம். தஞ்சை நாயக்கர் இரகுநாதரிடம் இசைவு பெற்று 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை அது. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியக் கிறித்தவ மறைபணியாளர் சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இந்தச் சிற்றூரில்தான் அச்சேறி முடிந்தது. 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறையும் இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இவ்வளவும் நடந்து பார்க்கக்கூடிய தூரத்துக்குள் அடங்கிவிடும் என்பதால், வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது.

கோட்டையிலிருந்து சற்று நடந்தால் மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியர் காலத்தில், 1306இல் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எனக்குக் கோட்டையைவிட அதுவே பிடித்த இடம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இந்தக் கரையில் வாழ்கின்றன. மீனவர் குடியிருப்புப் பக்கம் ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு செல்லாதீர்கள். பூம்புகாரில் குளிக்க இறங்குவதும் வேண்டாம்; காவிரி கடலில் கலக்கும் அந்த முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம்.

பட்டறை மணி:
வண்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். கிளம்பும் முன்னரே செயின் தளர்வு, பிரேக், டயர்க் காற்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். பின்னால் ஆள் அமரும் வண்டிக்குப் பின் டயரில் காற்று கூடுதலாக வேண்டும். கடற்கரை மணலில் சைடு ஸ்டாண்டு போட்டால் பாரம் தாங்காமல் புதைந்து வண்டி சாயும், குறிப்பாக அந்தப் புல்லட். கீழே ஒரு தட்டைக் கல்லோ தேங்காய் மட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய மறுநாளே நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். உப்புக் காற்று ஒரு வாரம் காத்திருக்காது.

சூரிய உதயத்தைக் கைவிடுவதே மேல் என்பது என் கருத்து. தை மாத விடியலில் வயல்வெளியிலிருந்து எழும் மூடுபனியில் பத்தடி தொலைவில் நிற்கும் மாடுகூடத் தெரியாது.

அலைவாய்க்கரை:
அதில் மட்டும் நான் மாறுபடுகிறேன், அண்ணா. உதயம் இல்லாத பூம்புகார் பயணம் எதற்கு? முந்தைய இரவே மயிலாடுதுறைக்கு வந்து தங்கிவிட்டால், காலையில் எஞ்சியிருப்பது 25 கிலோமீட்டர்தான். பனி இருந்தால் மெதுவாகப் போகலாம்.

பட்டறை மணி:
தங்கிவிட்டால் அது ஒரு நாள் பயணம் ஆகாதே, தம்பி!

குடந்தைப் பயணி:
அனைவருக்கும் நன்றி. நண்பர்களிடம் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டேன். வடக்குப் பாதையையே எடுக்கிறோம். வெளிச்சம் வந்தபின் ஆறரை மணிக்குக் கிளம்பி, பூம்புகாரில் அரை நாளும் தரங்கம்பாடியில் அரை நாளுமாகக் கழித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மயிலாடுதுறையைக் கடந்துவிடுவதாக முடிவு. மதிய உணவுக்குத் தரங்கம்பாடியில் சங்கரா மீன் குழம்பு என்று ஒரு மனதாகத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. கோடியக்கரைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிவிட்டு மீண்டும் இங்கே வந்து கேட்கிறேன்.