டேட்டோனாவின் வளையங்கள் பழுப்பாகிவிட்டன: முகப்பை மாற்றலாமா? (அவசரம்)

உப்புவெளியான்: வணக்கம். சித்தப்பாவின் ரோலெக்ஸ் டேட்டோனா கைமணிக்கூட்டில், முகப்பிலுள்ள சிறு வட்டங்களைச் சுற்றியுள்ள வளையங்கள் பழுப்பாகிவிட்டன. மத்திய வீதியில் மணிக்கூடு திருத்துபவர் ஒருவர், புதிய முகப்புப் போட்டுப் பழையதைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். நாளை காலை கொடுக்கவேண்டும். கொடுக்கலாமா?

நிலாவெளி நேசன்: தம்பி, மாதிரி எண் என்ன, முகப்பு கறுப்பா வெள்ளையா, எந்த ஆண்டில் வாங்கியது? படமும் இல்லாமல் எதைச் சொல்வது?

கன்னியா வாசி: இது உப்புக்காற்றின் வேலைதான். திருகோணமலையில் இரும்புக் கதவே தாங்குவதில்லை. பின்மூடியின் ரப்பர் வளையத்தை முதலில் மாற்றுங்கள்.

மணிக்கூட்டு மாமா: உப்புக்காற்றுப் புகுந்திருந்தால் முள்ளும் எழுத்தும் சேர்ந்தல்லவா கெட்டிருக்கும்? அடிப்படை தெரியாமல் மறுமொழி எழுதவேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். 1990களின் நடுப்பகுதியில் வந்த 16520 மாதிரியின் கறுப்பு முகப்புகள் சிலவற்றில், மேலே பூசிய ஸாப்பொன் என்ற வார்னிஷ் வெள்ளி நிற வளையங்களைச் சரியாகக் காக்காததால், அவை காற்றுப் பட்டு ஆண்டுக்காண்டு பழுப்பேறின. ஏல வல்லுநர் ஒஸ்வால்டோ பட்ரிட்சியின் பெயராலேயே அவற்றைச் சேகரிப்போர் அழைக்கின்றனர். ஒன்றைப்போல் இன்னொன்று நிறம் மாறாததால் சாதாரண முகப்பைவிட அதிக விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

உப்புவெளியான்: 16520தான், கறுப்பு. சித்தப்பா கப்பலில் பொறியியலாளராக இருந்தபோது 1995இல் சிங்கப்பூரில் வாங்கினார்.

நிலாவெளி நேசன்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கொடுக்கவேண்டாம். பழைய முகப்பைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்பதே எனக்கு உறுத்துகிறது. இயந்திரத்தைத் துப்புரவு செய்வதானாலும், முகப்பையும் முட்களையும் தொடக்கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

கோட்டையடி: பிழையுள்ள டேட்டோனா என்றால் கோடிக்கணக்கில் போகும். நடிகர் போல் நியூமனுடையது 2017இல் நியூயோர்க்கில் 17.75 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டதே.

மணிக்கூட்டு மாமா: அதில் எந்தப் பிழையும் இல்லை. அந்த முகப்பு அப்படியே வடிவமைக்கப்பட்டது. விலை அந்த நடிகர் அணிந்ததற்கானது. இரண்டையும் குழப்பி இந்தப் பிள்ளைக்கு ஆசை காட்டாதீர்கள்.

கன்னியா வாசி: அப்படியானால் இதையும் பிழை என்று எப்படிச் சொல்வது? தொழிற்சாலையை விட்டுப் போகும்போது முகப்பு நன்றாகத்தானே இருந்தது? பிறகு நிறம் மாறியது முதுமை.

நிலாவெளி நேசன்: முதுமை எல்லா முகப்புக்கும் வரும்; இது குறித்த பூச்சில் மட்டும் வந்தது. ரோலெக்ஸின் இன்னொரு வகையான 1980களின் எக்ஸ்புளோரர் இரண்டு, 16550 மாதிரியில், வெள்ளை முகப்புகள் பாலாடை நிறமானதும் பூச்சின் குறையாலேயே. செய்தபோதே உள்ளே இருந்த குறை பின்னர் வெளியே தெரிந்ததென்பதால், நான் அதைத் தயாரிப்புப் பிழை என்றே சொல்வேன்.

மணிக்கூட்டு மாமா: தம்பி, கீழேயுள்ள சிறு வட்டத்தில் 6 நேராக அச்சாகியிருக்கிறதா, அல்லது தலைகீழாக 9 போலத் தெரிகிறதா? தொடக்ககால 16520களில் அது தலைகீழாக இருந்தது. ஆண்டை உறுதிசெய்ய அது உதவும்.

உப்புவெளியான்: கொடுக்கவில்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். எல்லோருக்கும் நன்றி.

மணிக்கூட்டு மாமா: 6 எப்படி இருக்கிறது என்று கேட்டேனே?