நான்காவது பாடம்

கௌபாய் பீபாப் பார்த்தவர்களிடம் பிடித்த இடம் எது என்று கேட்டால், பாதிப் பேர் ஸ்பைக்கின் கடைசிச் சண்டையைச் சொல்வார்கள். எனக்குப் பதினோராவது பாகத்தில் வரும் அந்தப் பழைய ஃபிரிட்ஜ்தான்.

1998-இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் தொடர், மொத்தம் 26 பாகம், கதை நடப்பது 2071-இல். தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கும் ஸ்பைக், ஜெட், ஃபே, எட் என்று நாலு பேர், ஒரு நாய், ஒரு ஓட்டைக் கப்பல். காசு மட்டும் கையில் தங்காது. முதல் பாகத்திலேயே குடைமிளகாயும் மாட்டிறைச்சியும் என்று சொல்லி ஜெட் ஒரு தட்டை நீட்டுவார். அதில் இறைச்சியே இருக்காது. ஸ்பைக் கேட்டால், காசில்லாதபோது இதற்கும் அதே பெயர்தான் என்பார். இந்தப் பசியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பதினோராவது பாகம் பேய்ப்படம் மாதிரி ஆரம்பிக்கும். ஃபேயிடம் சூதாடி உடுத்தியிருந்த துணி வரை தோற்ற ஜெட், சாமான் அறையில் எதையோ துழாவும்போது பின்கழுத்தில் ஏதோ கடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஆள் சுருண்டு விழுகிறார். அடுத்து நாய் ஐன், அப்புறம் ஃபே. இருட்டு நடைபாதை, எங்கோ ஊர்ந்து போகும் சத்தம். முதல் தடவை பார்த்தபோது நான் நிஜமாகவே பயந்தேன்.

இதற்கு நடுவில் ஆளுக்கொரு பாடம் சொல்வார்கள். உழைத்துச் சாப்பிட வேண்டும், அடுத்தவன் காசில் வாழ்ந்தால் தண்டனை உண்டு என்கிறார் ஜெட். முன்னாள் போலீஸ்காரர், அப்படித்தான் பேசுவார். ஏமாற்று, இல்லையென்றால் ஏமாறுவாய் என்பது ஃபேயின் பாடம். சிறுமி எட், தெரியாத ஆளைப் பார்த்தால் பின்னாலேயே போ என்கிறாள்!

தீ கக்கும் துப்பாக்கியோடு மிருகத்தைத் தேடிப் போகும் ஸ்பைக், மூலையில் கிடக்கும் ஃபிரிட்ஜைப் பார்த்ததும் அப்படியே நிற்கிறான். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். திருடிய முறுக்கோடு பாட்டியிடம் மாட்டிக்கொண்ட பையன் முகம். ஒரு வருஷத்துக்கு முன்னால் வியாழனின் நிலவான கானிமீட்டிலிருந்து வந்த சிங்கி இறாலை, தான் மட்டும் சாப்பிடலாம் என்று ஒளித்து வைத்து மறந்திருக்கிறான். அது அழுகி, உயிர் பெற்று, வெளியே வந்துவிட்டது. இறைச்சியில்லாத அந்தத் தட்டு இப்போது ஞாபகம் வருகிறதா?

ஃபிரிட்ஜை விண்வெளிக்குத் தள்ளும்போது பின்னணியில் சைக்கோவ்ஸ்கியின் பூக்களின் வால்ட்ஸ் என்ற நடன இசை. மயங்கிய உடல்கள் கப்பலுக்குள் மெதுவாக மிதக்கின்றன. கடைசியில் மிஞ்சிய ஒரு ஜந்துவைத் தூக்கத்தில் இருக்கும் எட் வாயில் போட்டு மென்றுவிடுகிறாள். ஸ்பைக்கின் பாடம்: ஃபிரிட்ஜில் எதையும் போட்டு விட்டு வைக்காதே.

இதைப் பார்த்து நான் உருண்டு சிரித்த வருஷம்தான், மூன்று பேர் பங்கு போட்டிருந்த அறையில், எங்கள் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஒரு எவர்சில்வர் தூக்கு கிடைத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா கொடுத்தனுப்பிய வஞ்சிரக் குழம்பு. கிடைத்தது ஆடி மாதம். மற்ற இரண்டு பேருக்கும் கொடுக்காமல் நான்தான் முட்டைகோஸுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். மூடியைத் திறக்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. தூக்கோடு கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். வால்ட்ஸ் எதுவும் ஒலிக்கவில்லை. தூக்கு எங்கே என்று அம்மா கேட்டபோது, ரூமில் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.